டேப்பக்காவின் கட்டைவிரல்

யார் எதிரே வந்தாலும் அந்த அம்மாளின் கண் முதலில் போவது காலுக்குத்தான். செருப்பைப் பார்ப்பார், விரல்களைப் பார்ப்பார், அப்புறம்தான் நிமிர்ந்து முகத்துக்கு வருவார். முதல் தடவை என்னை அப்படிப் பார்த்தபோது, வரும் வழியில் எதையாவது மிதித்துவிட்டேனோ என்று நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் சின்னக் குழந்தைகளை எடை போட்டு, கையை அளந்து, சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. குழந்தையின் மேல்கையில் சுற்றுவதற்கு ஒரு பட்டை வைத்திருக்கிறார். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். அளவு பச்சையில் நின்றால் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் அடுத்த வாரமும் வரவேண்டும். சிவப்பு என்றால் அன்றைக்கே வைத்தியம் ஆரம்பம். அந்தப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தெருத்தெருவாக நடப்பதால் டேப்பக்கா என்று பெயர் வந்துவிட்டது. அவர் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவரைக்கூட எங்கள் பக்கத்தில் ‘டேப்பக்கா வீட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். மனிதர் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

எனக்குத் தராசு ரிப்பேர் வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஸ்பிரிங்கும் முள்ளும் ஒத்துவந்தன. கடைத்தெருவில் என் கை படாத தராசு குறைவு. சுகாதார நிலையத்துத் தராசும் என் பொறுப்புதான். உத்தரத்தில் மாட்டித் தொங்கவிடுகிற ரகம் அது. மேலே கடிகாரம் போல வட்ட முகம், கீழே கொக்கி, கொக்கியில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப் பை. குழந்தையை அந்தப் பைக்குள் இறக்கித் தொங்கவிட வேண்டும்.

நான் சொல்லப்போகிற விஷயம் அந்தத் தராசில்தான் ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் அனுப்பினார்கள். போனேன். இடுப்பில் என் மகள். இரண்டு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. என் மனைவி அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எழுந்தால் தலைசுற்றல், சாப்பிட்டால் வாந்தி. பாப்பாவுக்குப் பால் கொடுப்பதையும் திடீரென்று நிறுத்தவேண்டி வந்தது. அதனால் பட்டறைக்கும் பாப்பா என்னோடுதான், வெளி வேலைக்கும் என்னோடுதான். சாப்பாடும் என் கையால்தான்.

"அண்ணே, முள்ளு ஜீரோவுல நிக்கமாட்டேங்குது. குழந்தை ஏறுறதுக்கு முன்னாடியே இருநூறு கிராம் காட்டுது" என்றார் டேப்பக்கா.

"பேய் ஏதாவது ஏறி உக்காந்திருக்கும்."

"அப்போ அதுக்கும் ஒரு எடைக் கார்டு போட்டுருவோம். வயசு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

காத்திருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். நான் திருப்புளியை எடுத்தேன். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அரை மணி நேர வேலை. இரண்டு கிலோ, ஐந்து கிலோ கற்களை மாட்டிக் காட்டினேன். முள் மயிரிழை பிசகவில்லை.

"கல்லுக்குச் சரியாத்தான் காட்டுது. கை கால உதைக்கிற குழந்தைக்கும் காட்டணுமே" என்றார்.

"அதுக்கென்ன, இதோ என் மூட்டை இருக்கே" என்று பாப்பாவைத் தூக்கிப் பைக்குள் இறக்கினேன்.

அவள் கையையும் ஆட்டவில்லை, காலையும் உதைக்கவில்லை. சமர்த்தாகத் தொங்கினாள். பதினொரு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சுற்றிலும் இருந்த தாய்மார்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "பாத்தியாம்மா? இன்னும் ரெண்டு வயசு முடியல. தராசுக்காரன் பிள்ளைக்கு எடையில குறை வருமா?"

டேப்பக்காவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே குனிந்துவிட்டார். தொங்குகிற காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்பு எப்போண்ணே வாங்கினது?"

"போன மாசம். அதுக்குள்ள இறுக்கிடுச்சு. அந்த வேகத்துல வளர்றா."

வாரைக் கழற்றினார். வார் இருந்த இடம் பள்ளமாக அப்படியே நின்றது. அவர் சிரிப்பு போய்விட்டது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலை வைத்து அழுத்தி, வாய்க்குள் ஏதோ எண்ணினார்.

"என்னம்மா இது, பிள்ளை காலு என்ன காலிங் பெல்லா?"

விரலை எடுத்தார். பிசைந்த மாவில் அழுத்தியது போல இரண்டு பாதத்திலும் குழி. குழி போகவில்லை.

"பாப்பா என்ன சாப்பிடுவாண்ணே?"

"பிஸ்கட்டு. டீயில தொட்டுத் தந்தா ஒரு பாக்கெட்டும் காலி. சர்க்கரை போட்ட கஞ்சித்தண்ணி குடிப்பா."

"முட்டை, பருப்பு, பாலு?"

"வாயில வச்சாத் துப்புறா. சரியான அடம்."

"அழுவாளா?"

"அழவே மாட்டா. உக்கார வச்ச இடத்துல பொம்மை மாதிரி இருப்பா. தங்கம்."

"முடி முன்னாடியே இந்த நிறமா?"

"கருப்பாத்தான் இருந்துச்சு. வெயில்ல வெளுத்திருக்கும்."

எல்லாவற்றையும் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியதை இப்போது நினைத்தால் தெரிகிறது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இது வளர்த்தி இல்ல. வீக்கம். பாப்பா உடம்புல சத்து இல்ல. இன்னைக்கே டாக்டர் பாக்கணும்."

பத்துப் பேர் முன்னால் என் பிள்ளையை நோஞ்சான் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? "உன் டேப்பைப் போட்டுப் பாரு" என்றேன். போட்டார். பச்சை. மஞ்சளை ஒட்டினாற்போல நின்றது, ஆனாலும் பச்சைதான்.

"பச்சை! டேப்பு நல்லா இருக்குங்குது, தராசு நல்லா இருக்குங்குது. உன் கட்டைவிரல் மட்டும் டாக்டருக்குப் படிச்சிருக்கோ?"

"அண்ணே, டேப்பும் தராசும் தண்ணியையும் சேத்துத்தான் அளக்குது..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பாதித் தெரு தாண்டிய பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போக ரோஷம் விடவில்லை.

அன்று மத்தியானம் டேப்பக்கா அந்த ஒற்றைச் செருப்போடு பட்டறைக்கு வந்து நின்றார். நான் நிமிரவில்லை. அவர் ஒரு இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பதினோரு வருஷம் செருப்புக் கடையில வேலை பாத்தவண்ணே" என்று ஆரம்பித்தார். "குழந்தைங்க காலுக்கு அளவு பாத்துப் போட்டுவிடுறதுதான் என் வேலை. ஒரு அம்மா வந்தாங்க. மூணு மாசத்துல மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சைஸ் பெருசு. ‘என்னம்மா பையன் இந்த வளத்தி வளர்றான், எங்க முதலாளி உங்களுக்குக் கோயிலே கட்டிருவாரு’ன்னு நானே சிரிச்சுச் சிரிச்சு வித்தேன். நாலாவது தடவை அந்தம்மா தனியா வந்தாங்க. கடைசியா வாங்கின ஜோடி கையில இருந்துச்சு. மாத்துறதுக்கு இல்ல. திருப்பிக் குடுக்க."

கையில் இருந்த ஸ்பானரை நான் கீழே வைத்தேன்.

"அதுக்கப்புறம் அந்தக் கடையில என்னால இருக்க முடியல. இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு வந்து சேந்துட்டேன். பயிற்சியில காலை அழுத்திப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்த அன்னைக்குத்தான் அந்தப் பையனுக்கு என்னன்னே எனக்குப் புரிஞ்சுது." செருப்பை என் மேசைமேல் வைத்தார். "என்னை நம்ப வேணாம்ணே. முதல்ல உங்க காலை அழுத்திப் பாருங்க. அப்புறம் பாப்பா காலை."

என் காலை அழுத்தினேன். குழியெல்லாம் விழவில்லை, பழைய கட்டை. பாப்பாவின் பாதத்தில் விரலை வைத்தேன். அவள் ஏன் என்று கேட்பது போலக்கூடப் பார்க்கவில்லை. விரலை எடுத்தேன். என் விரலின் அச்சு அவள் காலில் இருந்தது.

இருபத்தைந்து வருடமாகக் கடைக்காரர்களிடம் நான் சொல்லி வருகிற பேச்சு ஒன்று உண்டு. மூட்டையில் எடை கூடுகிறது, உன் தராசு சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். "தராசைத் திட்டாதய்யா, சாக்கைத் தொட்டுப் பாரு, ஈரமா இருக்கும்" என்பேன். பஞ்சில் தண்ணீர் தெளித்து விற்கிறவனை நான் தொட்டே கண்டுபிடிப்பேன். என் வீட்டுச் சாக்கை நான் தொட்டுப் பார்க்கவில்லை. இடுப்பிலேயே வைத்துச் சுமந்துகொண்டு, கனக்கிறது கனக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. கிளம்பிவிட்டோம்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா பார்த்தார். இது சாதாரண மெலிவைவிட மோசமான ரகம், நான்கைந்து நாளில்கூடப் பிள்ளை கையை விட்டுப் போகலாம் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஒரு பாக்கெட் தருவோம். சத்து மாவு, எண்ணெய் எல்லாம் குழைச்ச பசை. அதை இப்போ எங்க முன்னாடி தானா சாப்பிட்டான்னா வீட்டுலேயே வச்சுக் குணப்படுத்தலாம். சாப்பிடலைன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகணும்."

பாக்கெட்டைக் கிழித்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கொஞ்சினேன். மிரட்டினேன். யானை மாதிரி, குதிரை மாதிரியெல்லாம் செய்துகாட்டினேன். ம்ஹூம். டாக்டரம்மா வண்டிக்கு போன் செய்ய எழுந்தார்.

"ரெண்டே நிமிஷம் டாக்டர்" என்றார் டேப்பக்கா. பாக்கெட்டை என்னிடமிருந்து வாங்கிப் பாப்பாவின் கையிலேயே கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் சுவரைப் பாருங்க" என்றார்.

"என்னது?"

"எட்டுக் கண்ணு வாயையே பாத்துட்டு இருந்தா உங்களுக்குத் தொண்டையில இறங்குமா? திரும்புங்கண்ணே. டாக்டர், நீங்களுந்தான்."

நான், டாக்டரம்மா, கதவோரம் பிள்ளையோடு நின்ற இரண்டு தாய்மார்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்கள் மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றோம். அந்தச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஏழு இருந்தது. நான் எண்ணினேன். பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினாள். டேப்பக்கா மட்டும் கண்ணாடி பீரோவில் தெரிகிற பாப்பாவின் பிம்பத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்புக் கொட்டும் சத்தம் ஒன்று கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"யாரும் திரும்பாதீங்க" என்றார்.

பாதிப் பாக்கெட் உள்ளே போனது. அன்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்கான பாக்கெட்டுகள், மருந்து, முதலில் இது, அப்புறம்தான் மற்றச் சாப்பாடு என்ற கட்டளை. பிஸ்கட் டப்பாவை நானே தூக்கி எறிந்தேன். தினமும் வேலை முடிந்து போகும் வழியில் டேப்பக்கா எங்கள் வீட்டுக்கு வந்து கதவருகே குனிந்து, பாப்பாவின் காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார். என் மனைவி தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடிப்பார்.

அடுத்த செவ்வாய். பாப்பாவைத் தராசில் இறக்கினேன். ஒன்பது கிலோ எழுநூறு.

ஒரு வாரம். வேளை தவறாமல் ஊட்டியிருக்கிறேன். ஒரு கிலோ இருநூறு கிராம் எங்கே? தராசில்தான் கோளாறு என்று பையிலிருந்து கற்களை எடுத்து மாட்டினேன். ஐந்துக்கு ஐந்து, இரண்டுக்கு இரண்டு. என் கையால் சரி பண்ணின தராசு எனக்கே எதிராகச் சாட்சி சொன்னது.

"என்ன கொடுமைம்மா இது! நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டாந்து இப்படி உருக்கி வச்சிருக்கியே!" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "இறங்கணும்ணே" என்றார். "முதல்ல தண்ணி இறங்கும். இறங்கினாத்தான் உள்ள இருக்கிற பிள்ளை தெரியும். இங்க பாருங்க." அழுத்தினார். குழி விழுந்தது. ஆனால் ஆழம் குறைவு, நான் மூச்சு விடுவதற்குள் மேலே வந்துவிட்டது. சட்டையைத் தூக்கினார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கன்னம் வற்றி, கழுத்து சிறுத்து, என் பிள்ளை என்று நான் நினைத்த அந்தக் குண்டுப் பாப்பாவுக்குள்ளிருந்து வேறொரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் உள்ளே அவள்தான் இருந்திருக்கிறாள்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அந்தப் படிக்கட்டில் தூசியே கிடையாது, தினமும் துடைக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் படுத்தபடியே என் கையைப் பிடித்தாள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருந்தோம். எல்லாத்தையும் நீங்களே அடிச்சு முடிச்சிடாதீங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் ஒன்பது இருநூறு. இன்னும் இறக்கம். இந்தத் தடவை நான் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் கட்டைவிரலையே பார்த்தேன். அழுத்தினார், எண்ணினார், எடுத்தார். ஒன்றும் இல்லை. தோல் தோலாக இருந்தது. மறுகால், அங்கேயும் இல்லை.

"இனிமே ஏறுறதெல்லாம் உங்க பிள்ளை" என்றார்.

நான்காவது வாரம் நடந்ததுதான் எங்கள் பகுதியில் இன்றும் பேச்சு. பையில் இறக்கியதும் பாப்பா வீறிட்டு அழுதாள். சும்மா அழுகை இல்லை, கூரையே பறக்கிற அழுகை. காலை உதறினாள். டேப்பக்கா கழுத்தில் இருந்த பட்டையைப் பிடித்து இழுத்தாள். விடவே இல்லை. மற்ற தாய்மார்கள் என் மேல் பரிதாபப்பட்டார்கள். டேப்பக்காவோ கழுத்து இறுகினபடியே, "அண்ணே, அழுறாண்ணே! டாக்டர், வந்து பாருங்க, எப்படி அழுறா பாருங்க!" என்று கல்யாண வீட்டுச் செய்தி போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை அழுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆடின ஆட்டத்தில் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நின்றபோது ஒன்பது அறுநூறு காட்டியது.

பத்தாவது வாரத்தில் கார்டில் கடைசிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. புடவை என்றால் வாங்கமாட்டார், பழம் என்றால் காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிடுவார். அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழுகிறார் என்று ஒரு காலையில் எண்ணினேன். நாற்பத்தொன்று. பட்டறையில் பழைய தராசுச் சட்டங்கள் கிடந்தன. ஒன்றை அறுத்து வளைத்து, உட்காருவதற்கு ஒரு குட்டை முக்காலி செய்தேன். முன்பக்கம் குழந்தை கால் வைக்கச் சரிவாக ஒரு பலகை, அதன் மேல் ரப்பர். செருப்புக் கடைகளில் இருக்குமே, அதே மாதிரி.

கொண்டுபோய் வைத்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கையால் ரப்பரைத் தடவினார்.

"கஷ்டப்பட்டு வெளிய வந்தேன், மறுபடியும் கடையிலேயே உக்கார வச்சுட்டீங்களே அண்ணே" என்றார். உட்கார்ந்தார். அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூசி போலிருக்கிறது.

இப்போது என் மகளுக்கு மூன்றரை வயது. அவளுக்குக் கீழே தம்பி ஒருவன். மாதாமாதம் அவனையும் டேப்பக்காவிடம் கொண்டுபோகிறோம், தராசில் இறக்கும் முன்பே அவன் காலைக் காட்டிவிடுகிறேன்.

போன வாரம் மகள் காலையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இறுக்குது" என்றாள். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கையிலிருந்த டீ சிந்திவிட்டது. கட்டைவிரலை வைத்து நானே அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் விரல் காய்த்துப்போன விரல், அதை எப்படி நம்புவது? அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நடக்கத் தெரிந்த பிள்ளையை ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று தெருவில் கேட்டவர்களுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

வரிசையை விட்டு நேரே உள்ளே போனேன். என் முகத்தைப் பார்த்ததும் டேப்பக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். என் மகள் சரிவுப் பலகையில் தானாகக் காலை நீட்டி, "அழுத்துங்க அத்தை" என்றாள்.

அழுத்தினார். வாய்க்குள் எண்ணினார். எடுத்தார். மறுகாலிலும் அப்படியே. கண்ணில் நீர் முட்டியதில் எனக்கு அவர் விரலும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை.

"அண்ணே, இங்க பாருங்க."

பார்த்தேன். குழி இல்லை. கால் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது, பெருவிரலில் ஒரு பழைய சிராய்ப்பு, அவ்வளவுதான். பழைய செருப்பைக் காலோடு ஒட்டிவைத்து, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை கையாலேயே அளந்தார் டேப்பக்கா. அந்தக் கை எத்தனையோ வருடம் செய்த வேலை அது.

"இது வளர்த்திதான்ணே" என்றார். "போய் ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. முன்னாடி அரை விரல் இடம் விட்டு வாங்குங்க. வாரு துணியில வேணாம், ரப்பர்ல வாங்குங்க, இவ ஆடுற ஆட்டத்துக்கு அதுதான் தாங்கும்."

போகும் வழியிலேயே வாங்கினேன். சிவப்பு நிறம் வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர் பச்சைதான் இருக்கிறது என்றார். பச்சையையே வாங்கினேன்.